இரவல் பால்

பெஸ் மறுபடியும் உதைத்தது.

குட்டி வைக்கோலில் போய் விழுந்தது. நீண்ட கால்கள் நான்கும் திசைக்கொன்றாகக் கிடந்தன.

கோர்மக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "இந்த மகாராணிக்கு இன்னும் என்னதான் வேணுமாம்? கால்ல விழுந்து கெஞ்சணுமா?"

கில்டேரில் அந்தப் பந்தயக் குதிரைப் பண்ணையின் லாயங்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். விடிந்ததிலிருந்து ஒரு வாய் தேநீர்கூட உள்ளே போகவில்லை. முழங்காலில் வேறு ஓர் உதை விழுந்திருந்தது.

குட்டியின் தாய், ஈன்ற கையோடு இறந்துவிட்டது. வேறொரு குதிரையிடம் கறந்து உறையவைத்திருந்த சீம்பாலைக் கொடுத்து இதுவரை ஒப்பேற்றியாயிற்று. இனி ஒரு தாயின் மடி வேண்டும்.

அதற்காகத்தான் பெஸ். மலைபோன்ற உடம்பும் குளம்பை மூடிய மயிருமாக நிற்கும் வண்டிக்குதிரை. அதன் சொந்தக்காரி ஊனா காலையில்தான் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"இந்தக் குட்டியோட அப்பன் யாரு தெரியுமா? பாட்டன் யாரு தெரியுமா? பன்னெண்டு தலைமுறைக்கு நான் பேர் சொல்லுவேன்," என்றார் கோர்மக். "உன் பெஸ்ஸோட அப்பன் பேராவது உனக்குத் தெரியுமா?"

"பேர் தெரியாது. உருளைக்கிழங்கு வண்டி இழுத்தான், அது தெரியும்."

ஊனா தலைக்கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பெஸ்ஸின் பாலைக் கறந்து குட்டியின் முதுகில் தடவியிருந்தார்கள். வேற்று வாசனை தெரியாமலிருக்க அதன் மூக்கில் அப்பிய தைலமும் காய்ந்துவிட்டிருந்தது. குட்டி எழுந்து, தள்ளாடி, மறுபடி மடியைத் தேடி வந்தது.

பெஸ் காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு பல்லைக் காட்டியது.

"குட்டி செத்த தாய் இப்படி அடம்பிடிச்சு நான் பாத்ததே இல்ல. மடி கட்டிக்கிட்டு, வலி பொறுக்காம தானா வந்து நிக்கும்!" கோர்மக் குட்டியை இழுத்துக் காப்பாற்றினார். "ஏம்மா, செத்ததோட தோலையாவது உரிச்சு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல? இதுமேல போத்திவிட்டா வாசனையில ஏமாந்திருக்கும். உனக்குத் தெரியாததா?"

"பொதைச்சாச்சு."

"அப்படி என்னம்மா அவசரம்?"

ஊனா கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டு, போட்டிருந்த கம்பளிச் சட்டையைத் தலைவழியே உருவினாள். அதைக் குட்டியின் முதுகில் போர்த்தி, சட்டையின் கைகள் இரண்டையும் வயிற்றுக்கடியில் முடிச்சுப் போட்டாள்.

பன்னிரண்டு தலைமுறைக்குப் பெயர் உள்ள குட்டி, முழங்கை கிழிந்த பச்சைச் சட்டையில் நின்றது.

"என்ன கூத்து இது?"

"பேசாம பிடிங்க."

பெஸ் மூக்கை நீட்டியது. சட்டையை முகர்ந்தது. விலகியது. மறுபடி முகர்ந்தது. காதுகள் மெல்ல முன்னால் வந்தன. தொண்டைக்குள்ளிருந்து தாழ்வாக ஒரு செருமல். தாய்க்குதிரைகள் தம் குட்டியிடம் மட்டும் எழுப்பும் ஒலி.

குட்டி மடியில் முட்டியது. உதை விழவில்லை. சப்பும் சத்தம் கேட்டது.

கோர்மக் சுவரில் சாய்ந்தார். "ஒரு பழைய சட்டை! இதுக்கா என் முழங்கால பலி குடுத்தேன்?"

"என் வாசனை அதுக்குப் பழக்கம்," என்றாள் ஊனா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

காலி டிரெய்லர் தடதடக்க, மெல்லிய உள்சட்டையோடு மழையில் வீடு திரும்பினாள். காரின் ஹீட்டர் வழக்கம்போல வேலை செய்யவில்லை. அதையும் ஒரு திட்டு திட்டினாள்.

வாசலில் இறங்கும்போதே கேட்டது.

தொழுவத்திலிருந்து கம்மிப்போன குரலில் ஒரு கனைப்பு. அதிகாலையில் பெஸ்ஸைப் பிரித்துக் கொண்டுபோனபோது தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. அது பெஸ்ஸின் குட்டி. குளிரில் நடுங்கிய அதை, போட்டிருந்த அதே பச்சைக் கம்பளிச் சட்டையோடு கட்டிப்பிடித்துத்தான் உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தாள்.

உயிருள்ள குட்டியிடமிருந்து தாயைப் பிரித்து எடுக்கக் கூடாது என்பது பண்ணை முதலாளியம்மாவின் கண்டிப்பு. போனில் கோர்மக், "உன் குட்டி?" என்று கேட்டதும், "செத்துப்போச்சு" என்று வாயில் வந்துவிட்டது. வண்டிக்குதிரைக் குட்டியை இப்போது யாரும் கேட்டு வருவதில்லை. பாலுக்குத்தான் காசோடு ஆள் வருகிறது. பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் வளர்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள்.

புட்டியை நீட்டினாள். குட்டி தலையைத் திருப்பிக்கொண்டது. வாயைப் பிளந்து திணித்தாள். துப்பியது. இளஞ்சூடான பால் அவள் கைவழியே முழங்கைக்கு வழிந்தது.

"குடிச்சுத் தொலையேன்!" என்று கத்தினாள்.

குட்டி மிரண்டு பின்வாங்கியது. பிறகு மெல்ல வந்து அவள் அக்குளில் மூக்கை நுழைத்தது. விலாவை முட்டியது. வயிற்றை முட்டியது. தேடிக்கொண்டே இருந்தது.

ஊனா புட்டியைச் சுவரில் வீசினாள்.

பண்ணை வாசலில் ஹாரன் அடித்தபோது கோர்மக் பாதி தின்ற ரொட்டியோடு வந்தார். "இப்போ என்னம்மா? இப்பத்தான் உக்காந்தேன்."

டிரெய்லருக்குள்ளிருந்து கனைப்பு எழுந்தது. லாயத்திலிருந்து, கதவு அதிர, பெஸ் பதில் கொடுத்தது.

கோர்மக் டிரெய்லரைப் பார்த்தார். மழையில் நடுங்கி நின்றவளைப் பார்த்தார். வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"செத்தது நல்லா தொண்டை கிழியத்தான் கத்துது," என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்தார்.