நாற்காலியில் மாட்டிய சட்டை

தன் கிரில் பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் “ஓனர் இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதால், அன்னபாக்கியம் ஓர் ஆண்சட்டையை வாங்கி நாற்காலியில் மாட்டினாள். வியாபாரம் சூடுபிடித்தது. இரும்பை அறுத்து வெல்டிங் வைத்தது அவள்தான், வணக்கமெல்லாம் சட்டைக்குப் போயிற்று. பேங்க் மேனேஜர்கூட அதன் காலிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒருநாள் சட்டையைப் பார்த்து கிரில் விலை கேட்டவருக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள். சட்டையின் கை எழுந்து அவளைப் பளாரென்று அறைந்தது. உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

“ஓனர் இருக்கும்போது நீ ஏம்மா நடுவுல பேசுற?” என்றார் வந்தவர்.

அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு கேஸ் கட்டரைப் பற்றவைத்தாள். நீலத் தீ காலரைத் தொட்டதும் சதை கருகும் வாடை எழுந்தது.

“ஐயோ, ஓனரக் கொளுத்துறாடா!” என்று வந்தவர் அலற, தெருவே கட்டையோடு ஓடிவந்தது.

கட்டரை அணைக்காமலே அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.