பத்தடி தள்ளி எடுத்த படம்

திருமலைக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. ஓடிடிக்குச் சந்தா கட்டிப் படம் பார்ப்பவன். திருட்டுக் காப்பியின் பக்கமே போனதில்லை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் குன்றத்தூருக்குத் திரும்பும்போது, அந்த ஓடிடி கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், ஒவ்வொரு டிவிக்கும் போனுக்கும் தனித்தனியா ஒரு நம்பரைப் படத்துக்குள்ள மறைச்சு அனுப்புறோம். ஞாயித்துக்கிழமை வெளிய போன திருட்டுக் காப்பியில உங்க டிவி நம்பர் இருக்கு. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பாருங்க."

"எங்க வூட்ல நானும் சம்சாரமும் மட்டுந்தான் மேடம்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அனுப்பிய வீடியோவை மனைவி சுபஸ்ரீயோடு பார்த்தான். ஓடுகிற டிவியை யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். டிவிக்கு முன்னால் பாயில் இருவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவனும் சுபஸ்ரீயும்தான். படம் பிடித்தவர் அவர்களுக்குப் பத்தடி பின்னால் இருந்திருக்க வேண்டும். ஆனால் பாய்க்குப் பின்னால் இரண்டடியில் சுவர். அதில் கதவோ ஜன்னலோ கிடையாது.

நாற்பதாவது நிமிடத்தில் வீடியோவிலிருந்த சுபஸ்ரீ திரும்பினாள். சிரித்தபடி முறுக்குத் தட்டைப் பின்பக்கம் நீட்டினாள். படம் பிடித்த போன் மெல்ல அவளை நெருங்கியது. ஒரு கை வந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டது.

திருமலை வீடியோவை நிறுத்தினான்.

"யாருக்குக் குடுத்த?"

"இன்னா கேள்வி இது? உங்களுக்குத்தான்" என்றாள் சுபஸ்ரீ.

நின்றுபோன வீடியோவில், அவளுக்குப் பக்கத்தில் திருமலை திரும்பாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.