நிற்கிற லட்சுமி

பதுளைக் கடைத்தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் கதிர்வேலு, மேசைமேல் இரண்டு லட்சுமி படங்களை வைத்தார். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த ராக்கம்மா, நிற்கிற லட்சுமியைத் தொட்டாள்.

“அது வேணாம்மா. தாமரையில உக்காந்திருக்கிறவதான் வீட்டுல தங்குவா. நிக்கிறவ எந்நேரமும் கெளம்பிப் போயிருவா. செல்வமும் கூடவே போயிரும்.”

“தெரியுங்க மொதலாளி. நிக்கிறதையே குடுங்க.”

“லயத்துல இருக்கிற கொஞ்ச நஞ்சமும் போகணுமா?”

“எங்க ஒத்தக் காம்பரா வீட்டுக்கு இல்லீங்க. கொழும்புல ஒரு பெரிய வீடு. பொங்கலுக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

“நல்ல நாள்ல குடுக்கிற படமா இது? அவங்க உனக்கு என்ன பாவம் செஞ்சாங்க?”

ராக்கம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“எம் மக வசந்தமலர் பன்னெண்டு வயசுல அங்க வேலைக்குப் போனா. அஞ்சு வருசமாச்சு. நான் கூப்பிடப் போனா, அடுத்த தீவாளிக்கு அனுப்புறோம்னு கேட்லயே திருப்பி அனுப்பிடுறாங்க. வேலைக்கு ஆள் வைக்க வக்கில்லாமப் போனாத்தானே அவள விடுவாங்க?”

கதிர்வேலு நிற்கிற லட்சுமியை எடுத்துச் சுவரில் மாட்டினார். ராக்கம்மாவின் முகம் வாடிப்போனது.

“கொஞ்சம் இரும்மா” என்றபடி அவர் ஸ்டூலில் ஏறி மேல்தட்டில் தேடினார். “ஒரு கால முன்னால எடுத்து வச்சு, கெளம்பிட்ட மாதிரி ஒண்ணு இருந்திச்சு.”