தொட்டிக்குள் ஒரு சாட்சி

நண்டு வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை. இன்றோடு மூன்று நாள்.

கவிழ்த்த வாளியின்மேல் அவள் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். குளியல் தொட்டியில் கடல் தண்ணீர். அடியில் சிவப்பு நண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது.

நடக்கக் கூடாது. நீந்த வேண்டும்.

கணவர் விசைப்படகு ஓட்டுகிறவர். நண்டு பிடிக்கப் போன இடத்தில் அயல்நாட்டுக் காவல்படை பிடித்துக்கொண்டு போய் நான்கு மாதமாகிறது.

வக்கீலம்மா சட்டத்தைப் புரியும்படி சொல்லியிருந்தார். கரையிலிருந்து அவ்வளவு தூரம் போய்விட்டால் தண்ணீர் எல்லோருக்கும் பொது. அடியில் இருக்கும் தரை மட்டும் அந்த நாட்டுக்குச் சொந்தம். நீந்துவதை யாரும் பிடிக்கலாம். தரையை விட்டு எழும்பாத உயிரெல்லாம் தரையோடு சேர்த்தி, எடுத்தால் திருட்டு. இந்த நண்டு நீந்தும் என்று காட்டிவிட்டால் அவர் வீட்டுக்கு வந்துவிடலாம். இல்லாவிட்டால் இரண்டு வருஷம்.

துறைமுகத்தில் சொல்லிவைத்து அதே வகை நண்டை உயிரோடு வாங்கி வந்துவிட்டாள். அதுவோ மாப்பிள்ளை முறுக்கோடு உலாத்துகிறது.

பிரஷ்ஷின் பிடியால் சீண்டிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். திட்டியும் பார்த்தாள். எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எதற்கென்று தெரியாமல் அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்து அது நீந்தியிருந்தால்?

கதவுக்கு வெளியே மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போதெல்லாம் தொண்டையை மட்டும் செருமுவார்.

பதினோரு மணிக்கு நண்டு நின்றது. பின்னங்கால்கள் இரண்டும் துடுப்புப் போட்டன. தரையை விட்டு எழும்பி, தொட்டியின் குறுக்கே முழுதாக நீந்தி, அந்தப் பக்கம் போய் இறங்கியது.

வீடியோ தெளிவாக விழுந்திருந்தது. உடனே வக்கீலம்மாவுக்கு அனுப்பினாள். அழுகை வந்தது. அது பாட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வக்கீலம்மா அழைத்தார். குரலில் உயிரில்லை.

காலையில் நீதிபதி அவள் கணவரிடமே நேராகக் கேட்டுவிட்டாராம், இந்த நண்டு நீந்துமா என்று. தெரியாது என்று மட்டும் சொல்லும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாராம் வக்கீலம்மா. அவரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கியிருக்கிறார். நீந்துகிற நண்டை எவன் வேண்டுமானாலும் பிடிப்பான். தரையில் ஊர்வதைத் தேடிப் பிடிக்கத்தான் தொழில் தெரியவேண்டும். முப்பது வருஷத்தில் நீந்துகிற நண்டு ஒன்றைக்கூட என் படகில் ஏற்றியதில்லை.

தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது, இரண்டு வருஷம்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லியிருப்பார். ஒரு வார்த்தை குறையாமல் அப்படியேதான் சொல்லியிருப்பார் அந்த மனுஷன்.

"எழும்புச்சாம்மா?" வெளியிலிருந்து மாமியார் கேட்டார்.

வீடியோவை அழித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இல்லத்தே. பாழாப்போன நண்டு, கடைசிவரைக்கும் எழும்பவே இல்ல."