காய்ந்த தரை

ராஜவேலு சிமெண்டுத் தரையில் கன்னம் படும்படி குனிந்து, காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். டயருக்குப் பின்னால் படுத்திருந்த நாய் புஜ்ஜி அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது. தரை இன்றைக்கும் காய்ந்துதான் இருந்தது. ரேடியேட்டருக்கு நேர் கீழே துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது.

பானெட்டைத் திறந்தார். கூலண்ட் டப்பாவில் மட்டம் மறுபடியும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் ஆற்றிவரும் பச்சைத் தண்ணீர் அது. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றுவது, ஒழுகாமல் குறையாது. ஒழுகினால் தரையில் தெரிய வேண்டும்.

புரியாமல், தினமும் செய்வது போல் கோடு வரைக்கும் ஊற்றி மூடினார்.

பக்கத்து வீட்டு லோகு சாப்பாட்டுப் பையோடு வந்து முன்சீட்டில் ஏறினார். இருவருக்கும் சிப்காட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு. கவரைப்பேட்டையிலிருந்து பல வருடமாக இந்த வண்டியில்தான் சேர்ந்து போகிறார்கள்.

"இத்த வித்துட்டு ஒரு மாடு வாங்கு வேலு. எங்க ஓட்டைன்னு தேடவாச்சும் வேணாம்."

"நீ சும்மா குந்து."

"உன் நாய் நேத்தும் ஒரு கோழியக் கவ்விடுச்சி. கட்டி வெய்யி. இல்லாட்டி ஒரு நாளு மருந்து வெச்சிடப் போறேன்." அவர் சிரித்தாரா என்று ராஜவேலு கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புஜ்ஜியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு இம்மானுவேலின் பட்டறைக்குப் போனார். இம்மானுவேல் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"வெள்ளப் புகை வர்லணா, அப்ப இன்ஜின் உள்ள போயி எரியல. ஆயில்லயும் கலக்கல. காத்து அடிச்சி அழுத்தமும் பாத்துட்டேன், முள்ளு இறங்கவே மாட்டுது. எங்கதான் போவுதுன்னு தெரில."

பேசிக்கொண்டே, கூலண்ட் பிசுபிசுத்த கையால் பின்கதவைத் திறந்தான். புஜ்ஜி அந்த விரல்களை விடாமல் நக்கியது.

"முன்னப் பின்னத் தெரியாதவன்மேல இன்னா பாசம் பாருங்க" என்று சிரித்தபடி கையை இழுத்துத் துணியில் துடைத்துக்கொண்டான்.

அடுத்த சில நாட்களில் புஜ்ஜியின் நடை மாறியது. குடித்தவன் போல் பின்னங்கால்கள் தள்ளாடின. வாளித் தண்ணீரைக் காலி செய்தது, வாந்தி எடுத்தது. டாக்டரிடம் தூக்கிப் போவதற்குள் ஒரு விடியற்காலையில் கண் மூடிவிட்டது. மகள் கவிப்பிரியா கல்யாணமாகிப் போகும்போது, "பாத்துக்கப்பா" என்று விட்டுப்போன நாய்.

"மருந்துதான் வெச்சிட்டான் பாவி" என்றாள் மனைவி கங்கம்மாள்.

தெருவே பார்க்க, இரண்டு கையிலும் மண்ணை வாரி லோகுவின் வாசலில் தூற்றினாள். "வாயில்லா ஜீவனக் கொன்னியே, உன் ஊடு வெளங்குமா?" பிரசவத்துக்கு வந்திருந்த லோகுவின் மகள் இளமதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ராஜவேலு மனைவியைத் தடுக்கவில்லை.

லோகு சண்டைக்கு வரவில்லை. குழி தோண்ட மண்வெட்டியோடு வந்தார்.

"என் பொண்ணு மேல சத்தியமா நான் வெக்கல வேலு."

"வெப்பேன்னு உன் வாயாலதான சொன்ன? போயிடு."

அன்றிலிருந்து லோகு கம்பெனி பஸ்ஸில் போகிறார். முன்சீட்டு காலியாகவே போய்வந்தது.

நாய் போனபின் நாலைந்து நாள் ராஜவேலு காருக்கு அடியில் குனிந்து பார்க்கவே இல்லை. பிறகு ஒரு காலையில் பார்த்தபோது, அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாகத் தேங்கியிருந்தது. ராஜவேலு உடனே போன் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணிடாதீங்கணா" என்றான் இம்மானுவேல். "வண்டி ஆறியிருக்கும்போதே பாக்கணும். நானே வரேன்."

வந்தவன் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். "புஜ்ஜி எங்கணா, சத்தத்தையே காணோம்?"

ராஜவேலு தெருப்பக்கம் பார்த்தார். லோகு தலையைக் குனிந்தபடி பஸ்ஸுக்கு நடந்து போனார். ராஜவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று கீழிருந்து குரல் வந்தது. "கீழ் ஹோஸ்ல கிளிப்பு லூசு. சூட்டுல ரப்பரு உப்பி சந்த அடைச்சிக்கும். ராத்திரி ஆறினா சுருங்கும், அப்ப சொட்டும். பட்டறைக்கு நீங்க சூட்டோட ஓட்டிக்கினு வந்தீங்க, அதான் எனக்கு ஆப்புடல. வேற கிளிப்பு போட்டாச்சு. இனிமே ஒரு சொட்டு விழாது."

"அப்ப தினம் ராத்திரி சொட்டிக்கினுதான் இருந்துச்சா?"

"ஆமாணா. ரொம்ப நாளாவே."

"இத்தினி நாளா தரை காய்ஞ்சி கெடந்துச்சே."

ஸ்பேனர் சத்தம் நின்றது. இம்மானுவேல் மெதுவாக வெளியே வந்து, பச்சையாக இருந்த தன் விரல்களைப் பார்த்தான்.

"நாயி ராத்திரியில எங்கணா படுக்கும்?"

"இங்கதான். வண்டிக்கு அடியில."

"கூலண்டு தித்திப்பா இருக்கும்ணா, சொட்டுனதெல்லாம் அதான் நக்கியிருக்கு, வெஷம் அது, இன்னிக்கே டாக்டராண்ட இட்டுக்கினு போயிடுங்க."