அப்புன்னு கூப்பிடாதீங்க

"வேற எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்கம்மா. 'டேய்'ன்னாலும் ஓடி வர்றேன். அப்புன்னு மட்டும் கூப்பிடாதீங்க."

இராமையா சொன்னதைக் கேட்டதும் பூரணிக்குச் சுரீரென்று ஏறியது.

நுவரெலியா மார்க்கெட்டில் லீக்ஸ் காய்கறிக் கட்டு விற்று மேலே வந்தவள் அவள். டயகமப் பக்கம் இந்தப் பழைய தேயிலைத் தோட்டத் துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, டூரிஸ்ட்டுகளுக்காகத் தட்டிக்கொட்டி வைத்திருக்கிறாள். நாளைக்கு முதல் கூட்டம் வருகிறது. இன்றைக்குப் பார்த்துச் சமையல்காரர் இராமையா மல்லுக்கு நிற்கிறார். பங்களா பூட்டிக் கிடந்த காலத்திலிருந்தே அதைக் காத்துக் கிடந்த மனுசன்!

"ஏன், கூப்பிட்டா கிரீடம் எறங்கிருமோ?"



டூரிஸ்ட்டுகளைக் கூட்டி வரும் ஷிஹாம் சமாதானத்துக்கு வந்தான்.

"அண்ணே, அது கேவலமான பேரில்ல. யாழ்ப்பாணத்துல பெத்த தகப்பனையே அப்புன்னு கூப்பிடுவாங்க. சிங்களத்துலயும் அந்தக் காலத்துல மரியாதப் பேருதான். வெள்ளக்காரத் தொரமாருதான் அதக் குசினிக்குள்ள தள்ளிட்டாங்க. சமைக்க, சப்பாத்து தொடைக்க, நாயக் குளிப்பாட்ட, எல்லாத்துக்கும் ஒரே ஆளு, அப்பு! இப்ப டூரிஸ்ட்டுக்கு அதுவே ஸ்டைலாப் போச்சு. மணிய அடிச்சு 'அப்பு'ங்கணும், நீங்க ட்ரேயோட வரணும். அதுக்குத்தான் வர்றாங்க."

"தெரியும் தம்பி. ஆனா வேணாம்."

பேரத்தில் படியாத ஆளைப் பூரணி இதுவரை பார்த்ததில்லை.

"சம்பளத்தக் கூட்டித் தர்றேன்."

"வேணாங்கம்மா."

"ஒங்க மக வினோதா வேலையில்லாம தோட்டத்து லய வீட்டுலதானே குந்தியிருக்கு? அதுக்கும் இங்கயே வேல தர்றேன்."



"அதுவும்... வேணாங்க."

"அப்ப காரணத்தச் சொல்லுங்க!"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். புல்வெளி மூலையில், துரைமார் வளர்த்த நாய்களின் சமாதிகள். ரெக்ஸ், டெய்சி, பிரின்ஸ் என்று கல்லுக்குக் கல் பெயர் வெட்டியிருந்தது. கடைசிக் கல் மட்டும் மொட்டையாக நின்றது.

"அந்த மொட்டக் கல்லு, முந்தி இங்க இருந்த அப்புவோடதுங்க. காய்ச்சல்ல குசினிக் கட்டில்ல கெடந்தவரு, தொர மணியடிச்சதும் எந்திரிச்சு வந்து, இந்த நடையிலதான் ட்ரேயோட விழுந்தாரு. அப்பு, அப்புன்னே கூப்பிட்டதுல, கல்லுல வெட்ட அவரு சொந்தப் பேரு யாருக்கும் தெரியலங்க."

"அதனால ஒங்களுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருதாக்கும்?"

"கூப்பிடாதீங்கம்மா. அவ்வளவுதான்."

"எனக்கே கண்டிசனா? பையத் தூக்குங்க! அந்த ரோஷத்தையே ஒலையில போட்டுப் பொங்கித் தின்னுங்க!"

இராமையா பையை எடுத்துக்கொண்டு முன்வாசலில் இறங்கினார். மூடுபனி அவரைப் பாதி விழுங்கியது.

"அக்கா, நாளைக்கு யாரு சமைக்கிறது?" ஷிஹாம் கையைப் பிசைந்தான்.

"அப்புவுக்கா பஞ்சம்? இந்தா, எப்படி இருக்குன்னு கேளு."

மேசை மணியை எடுத்து ஆட்டினாள். குசினிப் பக்கம் திரும்பி, துரை மாதிரியே குரலை இழுத்தாள்.

"அப்பூ! ரெண்டு தேத்தண்ணி!"

ஷிஹாம் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

குசினிக்குள் யாரோ இருமினார்கள். காய்ச்சல்காரரின் நெஞ்சிருமல். கட்டில் ஒன்று கிறீச்சிட்டது. பிறகு, கோப்பைகள் ட்ரேயில் உட்காரும் சத்தம்.

"உள்ள யாருக்கா?"

"யாருமில்லயேடா..."

ஜன்னலில் இராமையா தெரிந்தார். கேட்டுக்குப் பக்கத்தில், பையோடு, அப்படியே திரும்பி நின்றிருந்தார்.

வெறுங்கால் சத்தம் நடைக்கு வந்தது. ஓர் அடி. ஓர் இருமல். இன்னோர் அடி. அடிக்கு அடி கோப்பைகள் கிடுகிடுத்தன. நடையில் ஆள் இல்லை.

பூரணி பின்வாங்கிச் சுவரில் மோதினாள். மோதிய வேகத்தில் கையிலிருந்த மணி மறுபடி அடித்தது.

அடிகள் பதறி வேகமெடுத்தன.

பையைப் போட்டுவிட்டு ஓடி வந்த இராமையா, முதலில் அவள் கையிலிருந்த மணியை இறுகப் பொத்தினார். பிறகு நடைக்குள் போய், எதிரே நிற்பவரிடம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டினார். பாரம் ஏறியதுபோல் அவர் கைகள் சற்றே தாழ்ந்தன.

"குடுங்கண்ணே. நீங்க போய்ப் படுங்க. ஒங்கள இல்ல, என்னயத்தான் கூப்பிட்டாங்க. இப்ப நான்தாண்ணே அப்பு."