கிடங்குச் சீட்டின் பின்பக்கம்

சிமெண்ட் கிடங்கில் இருபது வருடம் மூட்டை சுமந்தவர் எழுத்தாளர். மதியச் சாப்பாடு முடிந்ததும் மூட்டை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கிடங்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் விண்கலமும் வேற்றுக் கிரகமுமாக எழுதித் தள்ளுவார். மூன்று அறிவியல் நாவல்கள், மூன்றுக்கும் விருது. இனி எழுத்துதான் பிழைப்பு என்று வேலையை விட்டு, வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்தார். நான்கு வருடம் ஆயிற்று. ஒரு வரி வரவில்லை. சோறு இறங்கவில்லை, மனைவியிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு, ஒரு மதியம் கிடங்குக்கே போய் மேஸ்திரி முன் நின்றார்.

"மறுபடியும் சேத்துக்கப்பா. சுமந்தாத்தான் எனக்கு எழுத்து வருது."

மேஸ்திரி சிரித்தார். "காலையில இருந்து நூறு மூட்டை ஏத்திட்டு, இப்ப வந்து சேத்துக்கன்னா? கதை எழுதுறவங்க குசும்பே தனிண்ணே."

வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு வருடமும் ஒரு நாள் விடாமல் எழுத்தாளரின் கையெழுத்து இருந்தது. இன்றைய தேதியிலும் இருந்தது.

எழுத்தாளர் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனார். அங்கே ஓர் ஆள் முதுகு காட்டி உட்கார்ந்து, தொடைமேல் சீட்டை வைத்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. பக்கத்தில் எழுதி முடித்த சீட்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன.

யார் என்று கேட்கத் தோன்றவில்லை. "ஒரே ஒரு வரி குடுங்க," என்று கெஞ்சினார்.

அந்த ஆள் திரும்பவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்காரன் எட்டிப் பார்த்தால் செய்வதுபோல, இடது கையை வளைத்துச் சீட்டை மறைத்துக்கொண்டு, தொடர்ந்து எழுதினான்.